மூச்சை எண்ணக் கற்பிக்கும் திரை

சென்ற மாரிகாலத்தில் ஓரிரவு, இருமலால் வருந்திய என் தங்கையின் மகவை ஏந்திக்கொண்டு திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வைத்தியசாலை ஒன்றை அடைந்தோம். "பிள்ளைக்கு முட்டுது, டொக்டர்" என்றாள் தங்கை. தென்னிலங்கையிலிருந்து வந்த அவ்விளம் வைத்தியருக்கு அச்சொல் விளங்கவில்லை. தாதி தன் நெஞ்சிலே கைவைத்துக் காட்டினார். வைத்தியர் பிள்ளையின் சட்டையை உயர்த்தி, கடிகாரத்தை நோக்கியவாறு ஒரு நிமிடம் முழுவதும் வாளா நின்றார்.

அவர் மூச்சை எண்ணினார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1990களில் வகுத்த குழந்தைநோய்ப் பராமரிப்பு முறையில், இருமலோடு வரும் இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குட்பட்ட மகவு நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிடின், நிமோனியா எனக் கொள்ள வேண்டும். ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட பிள்ளைக்கு 40. கேட்க எளிதே. ஆனால் அழும் பிள்ளையிடம் எண்ணினால் கணக்குப் பொய்க்கும். நெஞ்சின் கீழ்ப்புறம் உட்குழிவதை ஏட்டில் மட்டும் படித்தவர் நேரிற் கண்டும் காணார்.

இதற்கெனவே இம்முறையைக் கணினிக்குள் கொணர்ந்தனர். உலக சுகாதார நிறுவனம் நோவார்ட்டிஸ் அறநிறுவனத்தோடு சேர்ந்து ஆக்கிய 'ஐகாட்' என்னும் பல்லூடகப் பயிற்சிக் கருவி அத்தகையது. திரையிலே நோயுற்ற பிள்ளை மூச்சுவிடும். பயில்பவர் எண்ணி விடை கூறுவார். பிழையெனின் மீண்டும் எண்ணுவார். பதினொரு நாள் வகுப்புக்காகப் பணியிடத்தை விட்டகல இயலாத வைத்தியருக்கு இது பேருதவியன்றோ? எனினும் திரைப் பிள்ளை கையில் துள்ளுவதில்லை. கட்டிலருகே கற்பதற்கு இஃது ஈடாகாது.

என்னைக் கவர்ந்தது மற்றொன்று. அக்கருவியை அந்தந்த நாடு தன் மொழிக்கேற்ப மாற்றிக்கொள்ள இடமுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தார். பின்னர் தமிழுக்கு மாறி, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அவர் நூலால் செய்ததை நாம் ஒலியாலும் ஒளியாலும் செய்யலாகாதா? முட்டு, இழுப்பு, தொய்வு, மாந்தம் எனத் தாய்மார் வழங்கும் சொற்களை அவர்தம் குரலிலேயே பதிந்து, இம்மாவட்டத்துக்கு வரும் வைத்தியர் கேட்டுப் பழகச் செய்யலாம். சித்த வைத்தியம் கற்பிக்கும் திருகோணமலை வளாகத்து மாணவர் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் சென்று இவற்றைத் திரட்டலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுக்குக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை.

அன்றிரவு எண்ணிக்கை 44. பிள்ளைக்கு எட்டு மாதம். நெஞ்சும் உட்குழியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார் வைத்தியர். பின்பு தாதியிடம் திரும்பி, "முட்டு" என்று ஒருமுறை தாமே சொல்லிப் பார்த்தார்.