பெயர்களை மறைக்காதீர்கள்

ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் திரு. அஸ்வினி வைஷ்ணவ் அவர்களுக்கு,



உங்கள் துறை 2023-ல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)-ஆம் பிரிவின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைத்தது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு வெளியே போகக் கூடாது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவே அதைக் காத்தது. பொதுப்பணிக்கும் பொதுநலனுக்கும் தொடர்பில்லாத சொந்த விவரங்களை மறுக்க அது இடம் தந்தது. கூடவே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. இன்று இரண்டுமே இல்லை. தனிநபர் தகவல் என்றாலே மறுத்துவிடலாம்.

அரசுக் கோப்பில் பெயரில்லாத பக்கம் எது? ஒப்பந்ததாரர், அளவெடுத்துக் கையெழுத்திட்ட பொறியாளர், முதியோர் உதவித்தொகை வாங்குபவர் என எல்லாமே பெயர்கள்தாம்.

நீங்கள் பிறந்த ராஜஸ்தானில், 1994-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு நடத்திய பொது விசாரணைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசுப் பணிகளில் வேலைக்கு வந்தவர்களின் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலும் ஊரைவிட்டே போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. கேட்டவர்கள் அறிந்த பெயர்கள் என்பதால்தான் திருட்டு பிடிபட்டது. பெயரை விட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் வாசித்திருந்தால், பட்டியல் சரியென்றே நம்பி ஊர் கலைந்திருக்கும். அந்த மக்கள் தகவல் உரிமை கேட்டு, 1996-ல் அதே மாநிலத்தின் பியாவரில் 40 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே முதலில், 1997-லேயே, இப்படியொரு சட்டம் இயற்றியது தமிழ்நாடு. விலக்குகளை அடுக்கியதால் அது மக்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

பொதுநலன் பெரிதென்றால் தகவல் தர 8(2)-ஆம் பிரிவு இருக்கிறதே என்று உங்கள் தரப்பு சொல்கிறது. அதன்படி தருவதும் தராததும் அலுவலரின் முடிவு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப்போட்ட கூலித் தொழிலாளி, 30 நாள் காத்திருந்து, மறுப்பு வாங்கி, மேல்முறையீட்டுக்கும் தகவல் ஆணையத்துக்கும் அலைந்து, பொதுநலனை எடுத்துச்சொல்லி வாதாட வேண்டும். அதற்குள் அவர் கேட்ட சாலையே பெயர்ந்துவிடும்.

அமைச்சரவை முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும், அடிப்படையாக இருந்த ஆவணங்களையும்கூட, விவகாரம் முடிந்தபின் வெளியிட வேண்டும் என்கிறது இதே தகவல் அறியும் உரிமைச் சட்டம். அமைச்சர்களின் ஆலோசனைக்கே காலவரம்பு உண்டு. ஊராட்சிப் பட்டியலுக்கு மட்டும் நிரந்தர ரகசியமா?

அடுத்த கூட்டத்தொடரிலேயே ஒரு திருத்த மசோதா கொண்டுவாருங்கள். 44(3)-ஐ நீக்கி, பழைய பிரிவை ஒரு சொல்கூடக் குறையாமல் மீட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மனுதாரர்