வீடு எங்கே? – 'மசான்' பார்த்தவர்கள் பேசியதும் பேசாததும்

"ரொம்ப அமைதியான படம்ணா. கவிதை மாதிரி கீது. எங்கயும் கத்தல் இல்ல."

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் எழுந்த கல்லூரித் தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர், "சாதியெல்லாம் தாண்டி ரெண்டு மனுசங்களோட காதல். அதான் மனச தொடுது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். எதற்குத் தட்டினோம் என்கிற கேள்வி அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. அதைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன் தோழர்களே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டின எங்கள் சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுவோம். ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட்டில் இருப்பவர்கள், பேக்கிங் வேலைக்குப் போகும் அக்காமார்கள், பொன்னேரிக்கும் சென்னைக்கும் ரயிலேறிப் போய்ப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். அன்றைக்குப் போட்டது 'மசான்'. நீரஜ் கெய்வான் இயக்கிய இந்திப் படம். வருண் குரோவர் எழுதியது. 2015இல் கான் விழாவுக்குப் போய்ப் பரிசு வாங்கியது. மசான் என்றால் சுடுகாடு. மாசி மாதம் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்த நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. வசனத்தை மட்டும், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்து இங்கே பர்னஸில் வேகும் ஒரு தோழர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

படத்தில் இரண்டு கதைகள். எல்லோரும் பேசியது ஒன்றைப் பற்றித்தான். காசியில் அரிச்சந்திரன் படித்துறையில் பிணம் எரிக்கும் டோம் சாதியில் பிறந்தவன் தீபக். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். ஷாலு குப்தா என்கிற பெண்ணைக் காதலிக்கிறான். அவளுக்குக் கவிதை என்றால் உயிர். பஷீர் பத்ர், துஷ்யந்த் குமார் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அவனுக்கு அந்தப் பெயர்களே புதுசு. "வீடு எங்கே?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நழுவிக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் தாங்காமல் வெடித்து, பிணம் எரிக்கிற வீடு என்று சொல்லி விடுகிறான். கொஞ்ச நாள் கழித்து அவள், நீ ஒரு வேலையைத் தேடிக்கொள், வீட்டில் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உன்னோடு வந்துவிடுகிறேன் என்கிறாள். அப்புறம் குடும்பத்தோடு யாத்திரை போன பஸ் கவிழ்ந்து செத்துப் போகிறாள். அந்த ராத்திரி எரிக்க வந்த பிணங்களில், கையில் கிடந்த மோதிரத்தைப் பார்த்துத்தான் அவளை அவன் அடையாளம் காண்கிறான்.

இந்தக் கதையில் 'சாதியைத் தாண்டியது' எங்கே இருக்கிறது? சாதிதான் கதை. அவன் பேசாமல் இருக்கிறான் அல்லவா, அந்த இடங்களையெல்லாம் நம் பார்வையாளர்கள் 'அமைதி' என்று ரசித்தார்கள். அது அமைதி இல்லை. வாய் திறந்தால் காதல் போய்விடும் என்கிற பயம். ஆதிக்க சாதிப் பையன் கூச்சத்தில் பேசாமல் இருப்பதும், சுடுகாட்டுப் பையன் வீட்டை மறைக்கப் பேசாமல் இருப்பதும் ஒன்றா? இரண்டுக்கும் 'மென்மை' என்று ஒரே பெயர் வைக்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவரிடம் "வீடு எங்கே?" என்று யாரும் கேட்டதே இல்லை, அல்லது கேட்டபோது பதில் சொல்ல அவர் யோசித்ததே இல்லை.

என் தாத்தா வெட்டியான். ஊரில் சாவு விழுந்தால் பறை அடித்து, குழி வெட்டி, விறகு அடுக்கினவர். காசிப் படித்துறையில் இருக்கும் அதே அரிச்சந்திரன், எங்கள் சுடுகாட்டு வாசலிலும் கல்லாக நிற்கிறான். உண்மை பேசியதற்காகச் சுடுகாட்டுக்கு வந்த ராசா என்று அவனைக் கும்பிடுகிறார்கள். பிறந்ததற்காகவே சுடுகாட்டில் நின்ற என் தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு படி நெல்லும் எட்ட நின்று எறிந்த துட்டும்.

இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி, நான் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது அங்கே இருந்த ஒரு பெண் எனக்குப் புத்தகம் கொடுப்பார். ஜெயகாந்தன், தி. ஜானகிராமன் எல்லாம் அவர் கொடுத்துத்தான் படித்தேன். "உங்க வீடு எங்க?" என்று கேட்பார். "பஜார் பக்கம்" என்பேன். அவர் பார்க்கிறார் என்பதற்காக ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, பஸ் போன பிறகு சேரிக்கு நடப்பேன். ஒரு நாள் யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து புத்தகம் வரவில்லை. கடைசியாக வாங்கினது இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. அந்த ஒரு ஸ்டாப் தூரத்தை நான் அப்போது காதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம். அதனால்தான் கை தட்டின பிறகு எனக்கு உறைத்தது.

"காதலுக்கு இலக்கியம் பாலமா இருக்கு" என்று ஒரு மாணவி சொன்னார். அழகான பேச்சு. ஆனால் பாலத்தின் இந்தக் கரையில் நிற்பவன் வாய் பேசாமல் காது மட்டுமாக நிற்கிறானே, அதைக் கவனித்தாரா? கவிதை அவள் வீட்டுச் சொத்து. அவன் வீட்டில் சாம்பல்தான் இருக்கிறது. அந்தச் சாம்பலைப் பற்றி எழுதினால் அது கவிதை என்று ஒப்புக்கொள்ள இலக்கியத்துக்கு எத்தனை காலம் ஆனது? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இது இலக்கியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு தம்பி குறுந்தொகைக்குப் போய்விட்டார். செம்மண்ணும் மழைத் தண்ணியும் கலந்த மாதிரி இரண்டு நெஞ்சம் கலந்துவிட்டது, யார் எவர் என்று கேட்கவில்லை, அதுதான் தமிழன் காதல் என்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "எல்லாம் சரி நைனா, அந்த மண்ணு யார் பேர்ல பட்டா கீது?" என்றார். சிரித்து ஓய்வதற்குள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிட்டது. பஞ்சமி நிலத்துக்காக 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் பறிகொடுத்தது நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். இங்கே மண்ணும் மழையும் கூடச் சாதி கேட்டுத்தான் கலக்கின்றன.

அன்றைக்கு நடந்த பேச்சில் எனக்கு முக்கியமாகப் பட்டது பேக்கிங் செக்ஷன் அக்கா ஒருவர் சொன்னது. கடைசியில்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு செத்துட்டதால எல்லாம் தப்பிச்சிக்கினாங்க தம்பி."

"யாருக்கா தப்பிச்சது?"

"பொண்ண பெத்தவங்க, படம் எடுத்தவரு, பாத்துகினு அழுவுற நாம, எல்லாந்தான். பஸ்ஸு கவுந்துச்சு, யாருக்கும் பாவம் இல்ல. நம்மூர்ல பஸ்ஸா கவுருது?"

கவிழ்வதில்லை. இங்கே வேறு மாதிரி நடக்கும். ரயிலையும் பாலத்தையும் வைத்துக் காதலைச் சொல்லும் பாட்டு ஒன்று படத்தில் வருகிறது, துஷ்யந்த் குமாரின் வரியிலிருந்து எடுத்தது. எல்லோரும் உருகினார்கள். படம் தியேட்டருக்கு வந்தது 2015 ஜூலை 24. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, ஜூன் 23ஆம் தேதி, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். 2022 மார்ச்சில்தான் மதுரைத் தனி நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

அதற்கு முன்னால், 2013 ஜூலை 4, தருமபுரியில் தண்டவாளத்து ஓரம் இளவரசன். திவ்யாவைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று சேரிகளிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். தற்கொலை என்று போலீசும் விசாரணைக் கமிஷனும் எழுதின. அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளையைத் தண்டவாளம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனது யார்? ரயில் அவர்களுக்கு உவமை. நமக்குப் பிணம் கிடக்கும் இடம்.

இலக்கியம் இதைப் பேசவில்லையா? பேசியது. தருமபுரி எரிந்த அதே 2012இல் இமையம் 'பெத்தவன்' எழுதினார். பெருமாள்முருகன் 2013இல் 'பூக்குழி' எழுதினார். ஆனால் அவற்றை யாரும் 'அமைதியான காதல் கதை' என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை. கொலைகாரன் யார் என்று சொல்லும் கதைக்கு 'பிரச்சாரம்' என்று பெயர். விபத்தில் முடிகிற கதைக்கு 'அழகியல்' என்று பெயர்.

ஷாலுவுக்காக அழுத பார்வையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். கவுசல்யாவுக்காக என்ன செய்தீர்கள்? 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் கணவர் சங்கரைக் கண்ணெதிரே வெட்டினார்கள். அவரையும் வெட்டினார்கள். பிழைத்தார். பெற்றவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். அந்தப் பெண்ணை இந்த நாட்டில் என்னென்ன பேசினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன காதலி புனிதம். பிழைத்து வந்து கை நீட்டிக் காட்டுகிறவள் 'அடங்காப்பிடாரி'. உங்கள் கண்ணீருக்கும் பிணம்தான் வேண்டும் போலிருக்கிறது.

"படிச்சு நல்ல வேலைக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிடும், படத்துல அந்தப் பொண்ணே சொல்லுதே" என்றார் ஒரு சூப்பர்வைசர் தோழர். சரியாகவில்லை. 2025 ஜூலை 27, பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ் மென்பொருள் பொறியாளர். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. சாதியும் இருந்தது.

நான் படத்தைத் திட்டவில்லை. கெய்வான் தன்னை தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். தீபக் வெடிக்கும் அந்தக் காட்சியை எடுக்க அவரால்தான் முடிந்தது. பிணம் எரிப்பவனை ஓரமாக நிறுத்தாமல் காதலனாக நடுவில் நிறுத்தியது பெரிய காரியம். என் சண்டை, அந்தக் காட்சியில் காதைப் பொத்திக்கொண்டு மற்ற இடங்களில் மட்டும் உருகுகிற ரசனையோடுதான்.

இந்த ரசனைக்கும் நம்ம ஊர் 'அமைதி'க்கும் சம்பந்தம் இல்லையா? 2020 ஆகஸ்ட் 15 அன்று, இதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். பிறகு மாவட்ட ஆட்சியரே வந்துதான் அவரைக் கொடியேற்ற வைத்தார். தோக்கமூரில் சேரி மக்களை மறித்து எழுப்பிய சுவரை 2023 அக்டோபரில்தான் இடித்தார்கள். அதுவரைக்கும் கேட்டிருந்தால் "எங்க ஊர் அமைதியான ஊர்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சேரி வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை எல்லா ஊரும் அமைதிதான்.

எல்லோரும் போன பிறகு, இந்தியில் சொல்லி உதவின அந்தத் தோழர் மட்டும் நின்றார். தான் என்ன சாதி என்று என் காதோடு சொன்னார். "ரூம்ல எட்டுப் பேர் அண்ணா. யாருக்கும் தெரியாது. சொல்லாதீங்க" என்றார். இங்கே எல்லோரும் அவரை 'இந்திக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதுவே அவருக்கு ஒரு மறைவு. ஆயிரம் மைல் தாண்டி வந்தும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்குகிறார் அவர்.

அவருக்குப் பின்னால் இன்னொருவன் காத்திருந்தான். எங்கள் இரவுப் பள்ளியில் படித்து, இப்போது பாலிடெக்னிக்கில் இருப்பவன். "ணா, அது இன்னும் என்னாண்ட வீடு எங்கன்னு கேட்டுகினே கீது. சொல்லிடட்டா?" என்றான்.

அன்றைக்கு "யோசிச்சு சொல்றேன்" என்றேன். இப்போது சொல்கிறேன் தம்பி. சொல். அவள் போய்விட்டால் போனது உன் காதல் இல்லை, உன் பயம். அவள் நின்றால், தனியாக நிற்காதீர்கள். எங்களிடம் வாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அது அரிவாளுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி. ஆனால் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதற்கு ஊர் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. அறிவிப்பு உங்கள் கதவுக்குக் காவல் நிற்காது. நாம்தான் நிற்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு காதல் படத்தை 'அமைதியான படம்' என்று சொல்ல வாயெடுத்தால், அதில் யார் பேசாமல் இருக்கிறார்கள், எதற்காக என்று ஒரு தடவை பாருங்கள். வருகிற ஞாயிறும் வேட்டி கட்டுவோம். நம் தம்பி அந்தப் பெண்ணோடு வருகிறானா பார்ப்போம். வந்தால் முன்வரிசையில் இடம் விடுங்கள்.