கை கழுவலாமா?

"ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்" என்பது ஆங்கிலத்தில் அடிக்கடி வழங்கும் மரபுத்தொடர். "இனி இதற்கு நான் பொறுப்பல்ல" என்பது இதன் பொருள். "ஆஃப்" என்னும் சிறு சொல்லை விட்டுவிட்டால், சாப்பாட்டுக்குமுன் கை கழுவுவதையே அது குறிக்கும். தமிழிலும் "அவனைக் கை கழுவிவிட்டார்கள்" என்கிறோம். ஆனால் தமிழில் உறவை விட்டொழித்தல் என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. ஆங்கிலத்திலோ, "பழி என்மேல் இல்லை" என்னும் எண்ணமும் சேர்ந்துவிடுகிறது.

இத்தொடரை நிலைநாட்டியது மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் உரோமை ஆளுநனாக இருந்தவன். இயேசு குற்றமற்றவர் என்பதை அவன் அறிந்திருந்தான். அவன் மனைவியும் தான் கண்ட கனவைச் சொல்லி எச்சரித்தாள். எனினும் கலகத்துக்கு அஞ்சி, தண்ணீர் எடுத்துக் கூட்டத்தின்முன் கை கழுவினான். நான்கு நற்செய்தியாளர்களுள் மத்தேயு ஒருவரே இதைக் குறிப்பிடுகிறார்.

கை கழுவுவது எப்போதுமே தவறா? இல்லை. இணைச்சட்ட நூலின் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வயல்வெளியில் கொலையுண்ட ஒருவனின் உடல் கிடந்து, கொன்றவன் யாரெனத் தெரியாவிட்டால், தூரத்தை அளந்து, மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் வந்து கை கழுவ வேண்டும். அவர்களுக்குக் கொலையாளியைத் தெரியாது, தடுக்கவும் வழியில்லை. பிலாத்துவுக்கோ உண்மையும் தெரியும், விடுவிக்கும் அதிகாரமும் உண்டு. ஆகவே மூப்பர்கள் கை கழுவியது சான்று. அவன் கை கழுவியது சாக்கு.

எனவே, இத்தொடரைச் சொல்லுமுன் "என்னால் எதுவும் செய்ய முடியாதா?" என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நன்றாகப் படிக்கும் தோழியின் படிப்பை வீட்டார் நிறுத்த நினைக்கும்போது, "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்கிறோம். ஓர் ஆசிரியையிடம் சொல்லவாவது நம்மால் முடியும் அன்றோ? வகுப்பில் ஒருத்தியைப் பலர் கேலி செய்கையில், "நான் சிரிக்கவில்லையே" என்பதும் கை கழுவுதலே. பெற்றோரும் "இவளைத் திருத்த முடியாது, இனி உன் பாடு" என்று கோபத்தில் சொல்லிவிடுகிறார்கள். அச்சொல் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்கிவிடும்.

பிலாத்து கை கழுவியதற்கு முந்திய இரவில்தான் இயேசு தண்ணீர் எடுத்துச் சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அவன் கழுவியது தன் கைகளை. அவர் கழுவியது பிறர் கால்களை. தோழியரே, நம் கையிலுள்ள தண்ணீர் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி