மழை ஓய்ந்தபின் தொடங்கும் கடமை

கட்டடம் எழுப்புவோர் அடித்தளத்தின் ஆழத்தை அளந்து பார்ப்பர். சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பர். ஆயின், தோண்டிக் குவித்த மண் மழையில் கரைந்து எவ்வழிச் சென்றது என்று பார்ப்பவர் அரியர். அம்மண் வடிகாலைத் தூர்க்கிறது. ஆற்றுநீரைக் கலக்கி மீன் முட்டைகளை மூடுகிறது. சிமெண்டையும் எண்ணெயையும் உடன்கொண்டு செல்கிறது. கட்டுபவர் ஒருவர், கேடுறுபவரோ நீரோட்டத்தின் கீழ்ப்பகுதியில் வாழும் பலர்.

இதனைச் சட்டத்தால் நெறிப்படுத்த அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கொண்ட முயற்சி கருதத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் 1987இல் திருத்தப்பெற்றபோது, மழைநீர் வடிகால்களுக்கும் உரிமம் வேண்டும் என்னும் நெறி வகுக்கப்பெற்றது. 1990ஆம் ஆண்டு விதிகள் 5 ஏக்கரும் அதற்கு மேலும் மண் கிளறப்படும் கட்டுமானக் களங்களைக் கட்டுப்படுத்தின. 1999ஆம் ஆண்டு விதிகள் அவ்வரம்பை 1 ஏக்கராகக் குறைத்தன.

அங்குப் பெரும்பாலான மாநிலங்கள் தாமே உரிமம் வழங்குகின்றன. எஞ்சிய இடங்களுக்கென நடுவண் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2022இல் பொது உரிமம் ஒன்றை வெளியிட்டது. அதன்படி, 7 நாட்களுக்கு ஒருமுறை களத்தை ஆய்வு செய்தல் வேண்டும். அன்றேல், 14 நாட்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்வதோடு, ஒரு நாளில் கால் அங்குல மழை பெய்தால் 24 மணி நேரத்திற்குள் மீண்டும் பார்த்தல் வேண்டும். ஆய்வு முடிந்த 24 மணி நேரத்திற்குள் அறிக்கை எழுதப்பெற வேண்டும். சிறு பழுதுகளை மறு வேலைநாளுக்குள்ளும், பெரும் பழுதுகளை 7 நாட்களுக்குள்ளும் சீர்செய்தல் வேண்டும்.

இவ்வாய்வைச் செய்பவர் யார்? பயிற்சி பெற்றவராயினும், கட்டுவோர் சார்பில் இயங்குபவரே அவர். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனை நம்பலாமா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும், மழை பெய்யும் ஒவ்வொரு களத்திற்கும் அரசு அலுவலர் ஓடிவருதல் இயலாது. பழுதை நீக்கும் ஆற்றல் உடையவரே அதனை முதலில் காணுதலும் முறையே. அறிந்தே பொய்யறிக்கை எழுதுதல் அந்நாட்டில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதும் ஓரளவு காப்பாகும்.

ஆயினும் அச்சம் ஒன்றே வாய்மையை வளர்த்துவிடாது என்பது எம் கருத்து. வண்டலைத் தடுக்கும் திரை சாய்ந்து கிடக்க, அறிக்கைத் தாள் மட்டும் அழகாய் நிரம்பியிருத்தல் எந்நாட்டிலும் நிகழக்கூடியதே. அவ்வறிக்கை அலுவலர் கேட்டால் காட்டுவதற்கென்று கோப்பில் உறங்குவது போதாது. களத்தின் வாயிலிலேயே ஊரார் படிக்குமாறு வைக்கப்பெற வேண்டும். கலங்கிய நீரை முதலில் காண்பவர் அவர்களே. எழுதியதையும் கண்டதையும் ஒப்பிடும் உரிமை அவர்களுக்கு வாய்க்குமாயின், எழுதுகோல் தானே நேர்மை பேணும்.

மாணவமணிகள் நாளை உரிமையாளராகவும் அலுவலராகவும் இத்தகைய ஏடுகளில் கையொப்பமிடும் நிலை வரும். அப்போது களத்தை நேரில் சென்று கண்ட பின்னரே கையொப்பமிடுக!