பொருளாதாரம் படிக்கப் போகும் மகளுக்கு



பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பாரிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. பொருளாதாரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "வாசலுக்கே இன்ஜினீயரிங் காலேஜ் பஸ் வருது, அதை விட்டுட்டு பி.ஏ.வா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். பூந்தமல்லி–ஆவடி சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். அம்மா மகள் பக்கம் நிற்கிறார். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது மட்டும்தான் அவருடைய குழப்பம். அந்தத் தாய்க்கு முதலில் என் வாழ்த்து.

"லிபரல் ஆர்ட்ஸ்" என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சோனிபட்டில் அசோகா 2014-இலும், நமக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் கிரியா 2018-இலும் தொடங்கின. நல்ல இடங்கள், கட்டணம் லட்சங்களில். வசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள், தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் மொழி, ஆங்கிலம், முதன்மைப் பாடம், கூடவே ஒரு அலைடு பாடம் என்று பலவற்றைச் சேர்த்துப் படிப்பது சென்னைக்குப் பழக்கப்பட்ட கல்விதான். 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியிலிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி (எம்.சி.சி.), லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ் வரை அப்படித்தான் பொருளாதாரம் சொல்லித் தருகிறார்கள்.

அந்த அலைடு பாடத்தை யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். கணிதமும் புள்ளியியலும் அதில் இருக்கின்றனவா? இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத எம்.ஏ. வேண்டும். கோட்டூர்புரத்தில் 1993-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் எம்.ஏ. படிக்கக் கணக்கு கை கொடுக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்து பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. நம் ஊர்க் கல்லூரிகளில் அந்தக் கெடுபிடி பொதுவாக இல்லை என்பதால், காமர்ஸ் குரூப் பிள்ளைகள் கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்துவிடுகிறார்கள். தப்பிக்கவில்லை என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, ஆறு செமஸ்டரையும் வரி வரியாகப் படியுங்கள். எம்.சி.சி.யும் லயோலாவும் 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை. இத்தகைய கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பதால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் நிறைய இருக்கும்.

அதே கல்லூரி, அதே பட்டம் என்றாலும் அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணம் வேறு. எந்தப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பயணத்தையும் யோசியுங்கள். பாரிவாக்கத்திலிருந்து ஆவடிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், பார்க் நிலையத்துக்கு நடை, மறுபடி தாம்பரம் ரயில் என்று தினமும் எம்.சி.சி.க்குப் போய் வந்தால் நூலகத்தில் உட்கார நேரமே மிஞ்சாது. விடுதி கிடைத்தால் தாம்பரம். இல்லையென்றால் நகரத்துக்குள் ஒன்று.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயமான கள ஆய்வுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-இல் முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்கே அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், குத்தகை எப்படி, கூலி என்ன, கடன் யாரிடம் என்று அவர்கள் விசாரித்து எழுதி வந்தது 1918-இல் புத்தகமாயிற்று. கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்று நம் ஊர்ப் பெயர்கள் அதில் வரிசையாக வரும். 1936–37-இல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1980-களில் ஆய்வாளர் எஸ். குகன் போனார், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே கிராமத்தின் ஏறக்குறைய நூறு வருடக் கணக்கு இன்று நம் கையில் இருக்கிறது என்றால், அதைத் தொடங்கி வைத்தவர்கள் மாணவர்கள்.

எம்.சி.சி.யில் பொருளாதாரம் சொல்லித் தந்த மால்கம் ஆதிசேஷையா 1971-இல் அடையாறில் எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே கல்லூரியின் சி.டி. குரியன் பின்னாளில் அதன் இயக்குநரானார். வகுப்பறையும் கள ஆய்வும் சேர்ந்தே வளர்ந்த மரபு நம்முடையது. அதனால் வாசகியே, மகளை அழைத்துக்கொண்டு கல்லூரிக்கு நேரில் போங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் பேசுங்கள். "புராஜெக்டுக்கு எங்கே போனீர்கள், யாரிடம் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். போன வருடத்துப் பிரதியைப் பார்த்து எழுதியதாகச் சொன்னால் அந்தக் கல்லூரி எவ்வளவு பெரிய பெயரானாலும் வேண்டாம். ஏதோ ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, பார்த்ததையெல்லாம் ஆர்வமாகக் கொட்டினால் அங்கே சேருங்கள்.

பாரிவாக்கத்தில் ஏரி இருக்கிறது, வயல் மனையான கதை இருக்கிறது, பைபாஸ் சந்திப்பில் கடை போட்டவர்களின் வரவு செலவு இருக்கிறது. மகள் படிக்கும்போது இவற்றில் ஒன்றை விசாரித்து எழுதட்டும். எழுதியதை நமக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த இதழில் அதற்கு இடம் உண்டு. பொருளாதாரம் படிக்கும் மற்ற பிள்ளைகளும் உங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்