எழுத்து எழுதினவரோட போகணும்

2019 நவம்பரில், ட்விட்டர் சாதி பார்க்குது என்று கொதித்துப்போய் இந்தியாவில் பலபேர் மாஸ்டடானுக்கு மாறினார்கள். அங்கே மையம் கிடையாதாம், முதலாளி கிடையாதாம். சரி, சர்வர் யாருடையது? சர்வருக்கு ஒரு நாட்டாமை. அதிகாரத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தால் விடுதலை என்ற பேச்சு நமக்குப் புதுசா? கிராமமே அடிப்படை அலகாகணும் என்றவர்களை 1948இலேயே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிழித்துப்போட்டார்.

இந்த வலைக்கான ஆக்டிவிட்டிபப் தரம் 2018இல் வந்தது. இன்னும் மாஸ்டடானில் சர்வர் மாறினால் பின்தொடர்கிறவர்கள் கூட வருவார்கள், எழுதினது வராது. இறக்கி வச்சுக்கலாம், புது இடத்துல ஏத்த முடியாது. சர்வர் திடீரென்று செத்தால் ஆளும் போச்சு, எழுத்தும் போச்சு. உடுத்தின துணியோட ஊரைவிட்டு ஓடுன்னு விரட்டுகிற அதே கதைதான்.

அடுத்த தரத்தை எழுதுகிற தோழர்களே, எங்க எழுத்து எங்களோட வரணும். கணக்கின் சாவி நாட்டாமை பெட்டியில் கிடக்கிறது, அது எங்க கைக்கு வரணும். சாதியைச் சொல்லி ஏசுகிறவன் பதிலை எங்க பதிவுக்குக் கீழே ஒட்டவிடாமல் தடுக்கிற உரிமை, அதுவும் தரத்திலேயே, எல்லா சர்வரையும் கட்டுப்படுத்துகிற விதியாக வேணும். சர்வர்காரரின் நல்ல மனசை நம்பி நாங்க வாசல்ல நிக்கமாட்டோம்.