பெட்டி பூட்டினால் உரிமம் பறந்துவிடுமா?



பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றி வருகிறதே டிராக்டர், அதை ஓட்டி வருபவனின் லைசென்சை என்றைக்கேனும் வாங்கிப் பார்த்ததுண்டா? இலகுரக வாகனம் ஓட்டலாம் என்றிருக்கும், அவ்வளவுதான். உழவுக்கு அது போதும் என்றனர். அதே டிராக்டரின் பின்னே பெட்டியைப் பூட்டிச் சரக்கேற்றினாலோ, "இது போக்குவரத்து வாகனம், பேட்ஜ் எங்கே?" என்றனர். அப்படிக் கேட்டவர்களில் உரத்த குரல் காப்பீட்டு நிறுவனங்களுடையது. கேட்டது எப்போது? பிரீமியத்தை எண்ணி வாங்கியபோதா? இல்லை! விபத்து நடந்து, பிணம் வீடு வந்து, விதவை நீதிமன்றப் படியேறிய பிறகு!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வெற்று எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரை இலகுரக வாகனம் என்கிறது. சரக்கு வண்டியானால் சுமையோடு சேர்த்து அதே வரம்பு. சந்தையில் நாம் காணும் பிக்-அப் வண்டிகள் இதற்குள் அடங்குபவை. 1994இல் சட்டத்தைத் திருத்தி, 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரு வகையை நுழைத்தனர். குழப்பம் பிறந்தது; குழப்பத்தில் இலாபமும் பிறந்தது.

கர்நாடகத்திலிருந்து வந்த நாகஷெட்டி வழக்கில், 2001இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது: டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவன், பின்னே டிரெய்லரைப் பூட்டியதாலேயே உரிமமற்றவன் ஆகிவிடமாட்டான் என்று. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கும் தனி ஒப்புதல் வேண்டாம் என்றனர். விட்டார்களா நிறுவனத்தார்? ஐந்து நீதிபதிகள் வரை போயினர். 2024 நவம்பர் 6ஆம் நாள் அந்த அமர்வும் அதையே உறுதி செய்தது. இந்த ஓட்டுநர்களால்தான் விபத்து பெருகுகிறது என்று வாதிட்டவர்கள், அதற்கு ஒரு புள்ளிவிவரமும் காட்டவில்லை என்பதையும் எடுத்துரைத்தது!

இதில் வழக்கறிஞர் வாதத்தினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. போக்குவரத்து உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்கவேண்டும் என்றொரு விதி இருந்தது, 2019இல்தான் நீக்கினர். பென்னாகரத்து மலையடிவாரத்தில் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போன பையனுக்கு, படிக்க வழி செய்யாத சமுதாயம், பிழைக்கும் வழியையும் அடைத்து வைத்திருந்தது. பேட்ஜ் வாங்காதது அவன் குற்றமா?

ஆயினும், தீர்ப்பு வந்துவிட்டதென்று திளைத்திருக்க வேண்டாம். 7,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கும், அபாயகரமான சரக்குக்கும் தனித் தகுதி இன்றும் வேண்டும், வேண்டத்தான் வேண்டும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தைக் கண்டவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் பெண்களைப் பெட்டியில் நிற்க வைத்து ஏற்றிச் செல்கிறோமே, சரக்குப் பெட்டியில் பயணியாக ஏறியவருக்குக் காப்பீடு பொறுப்பேற்காதென்று தீர்ப்புகள் பல உள. ஏற்றிச் செல்பவர்களில் நம் தோழர்களும் உண்டு. நம் மாநாட்டுக்கே அப்படித்தான் வருகிறார்கள்!

எனவே கிளைத் தோழர்கள் ஊரிலுள்ள டிராக்டர்க்காரர்களை ஒரு மாலையில் கூட்டுங்கள். உரிமம் காலாவதி ஆகிவிட்டதா, டிராக்டருக்கு இருக்கும் காப்பீடு பெட்டிக்கும் இருக்கிறதா என்று தாள்களை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். பேட்ஜ் இல்லையென்று இழப்பீடு மறுக்கப்பட்ட குடும்பம் இருந்தால், 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலோடு, தருமபுரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாங்காய்ப் பருவம் தொடங்கினால் டிராக்டர்க்காரர் எவரும் கைக்குக் கிட்டமாட்டார். அதற்கு முன்பே செய்யுங்கள்.